டிரம்ஸ் ஏற்றிய கார் சில்க் போர்டில் நிற்கிறது

பெங்களூருவில் ஆல்பம் பதிவுக்குக் கிளம்பும் டிரம்மரின் காரை எட்டிப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். பின்சீட்டில் போர்வை சுற்றிய ஸ்நேர் டிரம். பக்கத்தில் உறைக்குள் நிற்கவைத்த சிம்பல்கள். படுக்கப்போட்டு மேலே பாரம் ஏற்றினால் விளிம்பில் விரிசல் விட்டுவிடும். முன்சீட்டுக்குக் கீழே கால்பெடல். பெரிய டிரம்கள் ஸ்டுடியோவிலேயே இருக்கும். ஸ்நேர், சிம்பல், பெடல் மூன்றை மட்டும் பெரும்பாலான டிரம்மர்கள் சொந்தமாகத்தான் கொண்டுபோவார்கள். கைப்பழக்கமும் கால்பழக்கமும் அவற்றோடு ஒட்டியவை.

கிதார் வாசிப்பவருக்கு இன்று இந்தப் பாடு இல்லை. ஒரு லேப்டாப்பும் கையடக்க ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் வீட்டிலேயே வாசித்து ஃபைலை அனுப்பிவிடலாம். பாடகரும் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்த அறையில் பாடிவிடுகிறார். டிரம்ஸ் அப்படி வீட்டுக்குள் அடங்காது. எட்டு, பத்து மைக்குகள் வேண்டும். கருவியோடு சேர்ந்து அறையும் ஒலிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதை ஒரு நாள் முழுக்க வாசிக்க யாரும் விடமாட்டார்கள். தவிலுக்கும் பறைக்கும் கன்னடத் தமட்டைக்கும் இதே கதிதான். வீட்டிலேயே பதிவு செய்யும் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்த பிறகும் தோல் கருவிக்காரர் மட்டும் சாலையில் இறங்கியாக வேண்டியிருக்கிறது.

அந்தச் சாலை எப்படிப்பட்டது? போக்குவரத்துத் தரவுகளைத் தொகுக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆனது. உலகின் மெதுவான நகரங்களில் அந்த ஆண்டு அது மூன்றாவது இடம் பிடித்தது. சராசரி என்றால் நள்ளிரவும் அதில் சேர்த்திதான். காலை பத்து மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பும் வெளிவட்டச் சாலையும் வேறு கணக்கு. 2022 ஆகஸ்டில் சர்ஜாபூர் சாலை நெரிசலில் சிக்கிய ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், காரை விட்டு இறங்கி மருத்துவமனைவரை சுமார் மூன்று கிலோமீட்டர் ஓடியது நாடெங்கும் செய்தியானது. தோளில் சிம்பல் பையும் கையில் ஸ்நேருமாக எந்த டிரம்மரும் அப்படி ஓட முடியாது.

தாமதமாக வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் ஸ்டுடியோவின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை மணிக்கணக்கில் அல்லது ஷிஃப்ட் கணக்கில் ஓடுகிறது. டிரம்ஸை முடுக்கிச் சுருதி சரிசெய்து, ஒவ்வொரு மைக்கையும் விரற்கடை நகர்த்தி நகர்த்திக் கேட்டு, பதிவுக்குத் தயாராகவே இரண்டு மணி நேரம் போய்விடும். வழியில் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்தால் எதை வெட்டுவது? மைக் வேலையைக் குறைக்க முடியாது. வெட்டுப்படுவது டேக்குகள்தான், அதாவது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதியும் முயற்சிகள். கை சூடேறி, பயம் விலகி, பாட்டு தன் வேகத்தைக் கண்டுகொண்ட பிறகு வரவேண்டிய அந்த ஐந்தாவது டேக் எடுக்கப்படாமலே போகிறது. இரண்டாவது டேக்கைக் கம்ப்யூட்டரில் நேராக்கிக்கொள்ளலாம் என்று முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ உயிரில்லை என்று மட்டும் தோன்றும்.

பயணம் ஒலிக்குள் நுழைவது புதிதல்ல. 1951 மார்ச்சில் அமெரிக்க இசைக்கலைஞர் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலிலிருந்து மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் நடத்திய ஸ்டுடியோவுக்குக் காரில் போனது. வழியில் கிதார் ஆம்ப்ளிஃபையர் பழுதானது. கூரையிலிருந்து விழுந்தது என்பார் சிலர், மழையில் நனைந்தது என்பார் சிலர். கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்போடு வெளிவந்த 'ராக்கெட் 88' ராக் அண்ட் ரோலின் முதல் பதிவுகளில் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. பீட்டில்ஸ் குழுவுக்கு அதிர்ஷ்டம் வேறு மாதிரி. 1961-இன் கடைசி நாளில் பனியில் வழி தவறி, லிவர்பூலிலிருந்து லண்டனுக்கு வேனில் சுமார் பத்து மணி நேரம் போய், மறுநாள் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிக் காட்டினார்கள். டெக்கா நிராகரித்தது. ஆனால் இவையெல்லாம் என்றோ ஒரு நாள் நேர்ந்த விபத்துகள். பெங்களூருவில் இது அன்றாடம்.

இந்த ஊர் இசைக்குப் புதியதும் அல்ல. தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு 1996-லிருந்து இங்கே வாசிக்கிறது. 2012-இல் அவர்கள் வெளியிட்ட '3 வீல்ஸ் 9 லைவ்ஸ்' ஆட்டோவையும் இந்த நகரத்தையும் சுற்றிப் பின்னிய மூன்று குறுந்தகடுத் தொகுப்பு. மீட்டர் காட்டுவதைப் போல ஒன்றரை மடங்கு கேட்கும் ஆட்டோ வழக்கமே அதில் ஒரு பாட்டின் தலைப்பாயிற்று. ரகு தீட்சித், ஸ்வராத்மா, கிரிப்டோஸ் என்று கன்னட நாட்டுப்புற ராக்கிலிருந்து ஹெவி மெட்டல்வரை இங்கிருந்து கிளம்பியவர்கள் பலர்.

இதற்கும் முந்தைய ஒரு பயணம் தமிழர்களுக்கு நெருக்கமானது. எண்பதுகள்வரை கன்னடத் திரைப்பாடல்கள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. கன்னட நடிகர் ராஜ்குமாருக்கு நெடுங்காலம் பின்னணி பாடிய பி.பி.ஸ்ரீநிவாஸும் சென்னைவாசிதான். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில் இளையராஜா கன்னடப் படங்களுக்கும் வேலை செய்தார். பாட்டு வேண்டுமானால் கோடம்பாக்கத்துக்கு வா என்ற அந்த நிலையை மாற்ற முனைந்தவர் சங்கர் நாக். 'மால்குடி டேஸ்' இயக்கியவர் என்று தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெங்களூருவிலேயே சங்கேத் என்ற ஒலிப்பதிவு ஸ்டுடியோவை அவர் கட்டினார். நகரத்துக்கு மெட்ரோ ரயில் வேண்டும் என்று, அதை யாரும் பெரிதாகப் பேசாத காலத்திலேயே பேசியவரும் அவர்தான். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. ஸ்டுடியோவையும் ரயிலையும் ஒரே மனிதர் கனவு கண்டார். அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க இந்த நகரத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

சேர்க்க முடியும். ஜே.பி. நகரில் 2004-இல் திறந்த ரங்கசங்கரா, சங்கர் நாக் நினைவாக எழுந்த நாடக அரங்கு. அவர் மனைவி அருந்ததி நாக்கின் பல ஆண்டு உழைப்பு அது. நல்ல மேடையும் கட்டுப்படியான வாடகையும் கிடைத்ததும் நாடகக்காரர்கள் அதைத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள். எம்.ஜி.ரோடு மெட்ரோ நிலையத்தில் ரங்கோலி கலை மையத்தையும் மெட்ரோ நிறுவனமே அமைத்தது. அதே வழியில் மெட்ரோ நிலையத்தில் ஏன் ஒரு பொது ஒலிப்பதிவு அறை கூடாது? ஹெல்சிங்கி நகரம் 2018 டிசம்பரில் திறந்த ஓடி பொது நூலகத்தில் குடிமக்கள் முன்பதிவு செய்து பயன்படுத்தும் இசை ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ரயில் ஓடும் இடத்தில் அதிர்வு இருக்காதா என்பது நியாயமான கேள்வி. இருக்கும். அடித்தளத்தோடு ஒட்டாமல் ரப்பர் தாங்கிகள் மேல் மிதக்கும் தரையும், நடுவே காற்று விட்ட இரட்டைச் சுவரும் அதற்கான தெரிந்த தீர்வுகள். முதலிலேயே திட்டமிட்டால் செலவு குறையும். கட்டி முடித்த கட்டடத்தில் பிறகு செருகுவதுதான் வலி. நிலையத்துக்குள்ளேயே வேண்டும் என்றுகூட இல்லை, எதிர்ச்சாரியில் இருந்தாலும் போதும். ஒரு நல்ல டிரம் செட்டை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டால் கலைஞர் கையில் எடுத்துவர வேண்டியது பாதியாகக் குறையும். பெரிய சுமைக்கு மெட்ரோவில் உள்ள கட்டுப்பாடுகளை, முன்பதிவுச் சீட்டைக் காட்டும் கலைஞருக்கு நெரிசலற்ற நேரத்தில் தளர்த்தலாம்.

குடிநீருக்கே திண்டாடும் ஊரில் ராக் குழுவுக்கு அறையா என்று சிலர் கேட்பார்கள். அந்த அறை ராக் குழுவுக்கு மட்டுமானதல்ல. கோலாரிலிருந்தும் ராமநகரத்திலிருந்தும் வரும் தமட்டைக் கலைஞர்கள், சிவாஜி நகர் தேவாலயங்களின் தமிழ்ப் பாடகர் குழுக்கள், அல்சூரின் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் எல்லோருக்கும் தங்கள் வாசிப்பைத் தரமாகப் பதிவு செய்துகொள்ள இடம் வேண்டும். தனியார் ஸ்டுடியோவின் ஒரு நாள் வாடகை அவர்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது.

ஒயிட்ஃபீல்டுவரை ஊதா வழித்தடம் 2023-இலும் பொம்மசந்திராவரை மஞ்சள் வழித்தடம் 2025-இலும் முழுமையாகத் திறந்துவிட்டன. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியாக விமான நிலையத்துக்குப் போகும் நீல வழித்தடம் இசைக்கலைஞர்கள் அன்றாடம் மாட்டிக்கொள்ளும் அதே வெளிவட்டச் சாலையை ஒட்டித்தான் அமைகிறது. அதன் நிலையங்களில் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இடம் ஒதுக்கும்போதே, ஒரே ஒரு நிலையத்தில் இரண்டு அறைகளைப் பதிவுக்கென்று குறித்துவைக்க மெட்ரோ நிறுவனமும் கர்நாடக அரசின் கன்னட, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். வரைபடத்தில் கோடு போடும் முன் இரண்டு டிரம்மர்களையும் ஒரு தவில் கலைஞரையும் கூப்பிட்டு, லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்கட்டும்.