கடைசி வீட்டின் தொலைக்காட்சி



2023ம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பங்கின் மலைக் கிளைக்கிராமம் ஒன்றில் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தேன். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து ஏறினால் ஒன்பது வீடுகள். அவற்றில் கடைசி வீட்டில் 78 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் கீழே இறங்க முடியாதவர். நற்கருணை வாங்கி, செபம் முடிந்ததும் கருப்பட்டிக் காபி போட எழுந்தார். அப்போதுதான் மூலையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்தேன். அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. அதன்மேல் பூவேலை செய்த துணி. துணியின்மேல் வேளாங்கண்ணி மாதா சுரூபம்.

"டிவி பார்க்கிறதில்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"அது செத்து ஆறு வருசம் ஆச்சு சாமி. கேபிள்காரத் தம்பி வயரைச் சுருட்டிட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை டிவியில பூசை வருது, வர முடியாதவங்க பாருங்கன்னு நீங்க கோயில்ல சொல்றீகளாம். எங்களுக்கு எங்க வருது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. செத்துப்போனது அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அலை. இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. அனலாக் முறையிலிருந்து டிஜிட்டல் முறைக்கு நாடு மாறியபோது கணக்கில் விடுபட்டுப்போன வீடுகளின் கதை. இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

மாறிய கதை

இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி ஏழைகளின் வீட்டு வாசலில்தான் பிறந்தது என்றால் பலரும் நம்பமாட்டார்கள். 1975ம் ஆண்டு ஆகஸ்ட் முதல் 1976ம் ஆண்டு ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் உதவியோடு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பு சென்றது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. நகரங்களை விட்டுவிட்டு, பின்தங்கிய கிராமங்களையே தேடித் தேர்ந்தெடுத்தார்கள். கோழிவலைக் கம்பியால் செய்த ஆன்டெனா, ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி, வேளாண்மை, உடல்நலம், பள்ளிப் பாடம் என்று நிகழ்ச்சிகள். அந்தச் சோதனை முயற்சியின் பட்டியலில் கடைசி வீடு முதலில் இருந்தது.

பிறகு தூர்தர்ஷன் கோபுரங்கள் எழுந்தன. ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப, "தெரியுதா? தெரியுதா?" என்று கூரைமேலிருந்து கத்திய நாள்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் கேபிள் வந்தது. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகள் இலவசமாக வழங்கப்பட்டன. 2011ம் ஆண்டு செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏழை வீட்டிலும் திரை ஒளிர்ந்தது.

அதே 2011ம் ஆண்டில் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. கேபிள் ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டலாக மாற வேண்டும் என்று முடிவானது. முதலில் பெருநகரங்கள், கடைசியில் கிராமங்கள். கிராமங்களுக்குக் குறிக்கப்பட்ட இறுதி நாள் 2017 மார்ச் 31. தமிழ்நாட்டில் அவ்வாண்டு செப்டம்பரில் அரசு கேபிள் இலவச செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இன்னொரு பக்கம், தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்களை, எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ ஐம்பதைத் தவிர, 2022 மார்ச் மாதத்திற்குள் நிறுத்துவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது.

இந்த மாற்றம் தவறா? இல்லை. ஓர் அனலாக் அலைவரிசை பிடித்த இடத்தில் பல டிஜிட்டல் சானல்களை அனுப்பலாம். படம் தெளிவு. எத்தனை வீடுகள் இணைந்துள்ளன என்ற கணக்கை மறைக்க முடியாது. நாட்டிற்கு நன்மையான மாற்றம்தான். ஆனால் ஒரு மாற்றம் நல்லது என்பது வேறு, அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்பது வேறு.

மன்னிக்கும் அலை, மன்னிக்காத அலை

அனலாக் அலைக்கு ஒரு குணம் உண்டு. அலை பலவீனமானால் படம் மங்கும், கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் பறக்கும். ஆனாலும் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கும். புயல் எங்கே கரை கடக்கிறது என்பது புரியும். டிஜிட்டல் அலையோ அப்படியல்ல. ஓர் அளவுக்குமேல் அலை இருந்தால் கண்ணாடிபோல் படம். அந்த அளவுக்குச் சற்றுக் குறைந்தாலும் படம் உறைந்து, பிறகு ஒன்றுமே இல்லை. பாதி என்ற பேச்சே கிடையாது.

பணத்திலும் இதுவே நடந்தது. பழைய கேபிள்காரர் மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவார். "இந்த மாசம் முடியலையா? அடுத்த மாசம் சேர்த்துக் கொடுங்கம்மா" என்பார். இன்று முன்பணம் தீர்ந்த அன்றே திரை தானாக அணைந்துவிடும். இயந்திரத்திற்கு அந்த வீட்டின் வறுமை தெரியாது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, முதல் 100 சானல்களுக்கான அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய்; 18 விழுக்காடு வரியும் சேர்த்தால் 153 ரூபாய்க்கு மேல். 70 ரூபாய் கொடுத்துப் பழகிய வீட்டுக்கு இது இருமடங்கைத் தாண்டிய சுமை.

எங்கள் மலைக்கிராமத்தில் நடந்ததும் எளிய கணக்குதான். ஒன்பது வீட்டுக்காகப் புதிய கருவிகளை மேலே ஏற்றுவது கட்டுப்படியாகாது என்று கேபிள் இணைப்பு கைவிடப்பட்டது. வசதி இருந்த ஐந்து குடும்பங்கள் தனியார் டிஷ் வாங்கிக்கொண்டன. மீதி நான்கு வீடுகளில் பெட்டி மாதாவுக்குப் பீடமாகிவிட்டது.

"தொலைக்காட்சி இல்லாவிட்டால் என்ன, தொடர்களைப் பார்த்துக் கெடாமல் இருக்கட்டும்" என்று சிலர் நினைக்கலாம். 2020ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வழியாகத்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது. ஆலயங்கள் அடைக்கப்பட்டிருந்த அந்த மார்ச் 27 அன்று, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்ததை உலகமே திரையில் பார்த்துக் கண்ணீர் விட்டது. உலகமே என்கிறோம். அந்த நான்கு வீடுகளும் அந்த உலகத்தில் இல்லை.

வானத்தில் இருக்கும் வழி

வழி இல்லாமல் இல்லை. 2004ம் ஆண்டு டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய நேரடி செயற்கைக்கோள் சேவை இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் செட்டாப் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். 2,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். பழைய குழல் தொலைக்காட்சியிலும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருகிப் பார்க்கலாம். செயற்கைக்கோள் நம் ஊருக்குத் தென்கிழக்கே, தலைக்கு மேலே நல்ல உயரத்தில் இருப்பதால், கோபுரத்தின் அலையை மறைத்த மலை இதை அவ்வளவாக மறைப்பதில்லை. மரக்கிளை மறைத்தாலும் பெருமழை பெய்தாலும்தான் தொல்லை.

அப்படியானால் ஏன் அந்த வீடுகளுக்கு இது சேரவில்லை? இப்படி ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2,000 ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க முடியவில்லை. மாட்டிக் கொடுக்க மலையேறி வருபவர் இல்லை. இன்னொன்றும் உண்டு. அதில் வரும் தனியார் சானல்களில் மிகப் பெரும்பான்மை இந்தி. பெந்தகோஸ்து நாளில் கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் நற்செய்தியைக் கேட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. புரியாத மொழியில் எத்தனை சானல் வந்தாலும் அது அந்தப் பாட்டிக்கு ஓசை மட்டுமே.

ஆஸ்திரேலிய நாடு இதே மாற்றத்தை 2010 முதல் 2013 டிசம்பர் வரை பகுதி பகுதியாகச் செய்தது. கோபுர அலை எட்டாத தொலைதூரப் பகுதிகளுக்கு அரசே செயற்கைக்கோள் வழியை ஏற்படுத்தி, உதவித்தொகையும் கொடுத்தது. ஓய்வூதியம் பெறும் முதியோர் போன்றோரின் வீடுகளுக்குப் பணியாளர் நேரில் சென்று, கருவியைப் பொருத்தி, பயன்படுத்தும் முறையையும் சொல்லிக் கொடுக்கும் திட்டம் இருந்தது. நம்மிடம் இருப்பதுபோல் கோடிக்கணக்கான வீடுகள் அங்கு இல்லை, பணமும் அதிகம். ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பெட்டியைக் கொடுத்தால் போதாது, ஆள் போக வேண்டும்.

திருஅவையின் பார்வை

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி யார் தெரியுமா? அசிசி நகர்ப் புனித கிளாரா. நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவர், கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்குப் போக முடியாமல் தவித்தபோது, ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை 12ம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயத்திற்கு வர முடியாத ஒரு நோயாளிப் பெண் நமக்குப் பாதுகாவலி! அப்படியிருக்க, தொலைக்காட்சியால் திருஅவை முதலில் தேட வேண்டியது யாரை?

1963ம் ஆண்டு டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 2009ம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை 16ம் பெனடிக்ட், புதிய டிஜிட்டல் கருவிகள் ஏற்கனவே ஒதுக்கப்பட்டவர்களுக்கு எட்டாமல் போனால் அது மனித குலத்தின் எதிர்காலத்திற்கே பெருந்துயரம் என்ற கருத்தை வலியுறுத்தினார். லூக்கா நற்செய்தி 15ம் பிரிவில் வரும் ஆயரின் கணக்கும் இதுவே. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் அரசு அலுவலகத்தில் அது வெற்றி. ஆயருக்கோ அது இன்னும் முடியாத வேலை.

நாம் அணைத்த அலைவரிசை

அரசையும் கேபிள்காரரையும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பங்கில் நாமும் ஓர் அலைவரிசையை அணைத்திருக்கிறோம். ஒருகாலத்தில் மலைக்கிராமத்திற்கு உபதேசியார் நடந்து போய் செய்தி சொல்வார். அறிவிப்புத் தாள் ஒட்டப்படும். இன்று எல்லாம் வாட்ஸ்அப் குழுவில். அந்த மலையில் கைபேசிக் கோபுரத்தின் அலை ஒரு பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும். 2022ல் எங்கள் பங்கில் ஒரு மூத்த மறைக்கல்வி ஆசிரியை இறந்தார். இரவே குழுவில் செய்தி போட்டோம். அவரிடம் செபம் கற்ற மலைமக்களுக்கு, அடக்கம் முடிந்த மறுநாள்தான் தெரிந்தது. "எங்களுக்கு ஏன் சொல்லலை சாமி?" என்று கேட்டார்கள். "குழுவில் போட்டோமே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024ம் ஆண்டு தவக்காலத்தில், இளைஞர் இயக்கத்தினர் தங்கள் தவக்காலச் சேமிப்பைக் கொண்டு நான்கு டிஷ்களை வாங்கினார்கள். இரண்டு இளைஞர்கள் அவற்றைத் தோளில் சுமந்து மேலே ஏறினார்கள். பெட்டியின் மேலிருந்த மாதா சுரூபம் மரியாதையோடு அலமாரிக்கு மாறியது. ஏழாண்டுகளுக்குப் பிறகு திரை ஒளிர்ந்தது. டிடி தமிழில் செய்தி ஓடியது. பூசை வருகிறதா என்று நாங்கள் துழாவிப் பார்த்தோம். அன்று எங்கள் கையில் அகப்படவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது.

பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் சாமி. மழை வருமா, புயல் வருமான்னு இது சொல்லட்டும். பூசைக்கு நீங்க வாங்க."

மாதம் ஒருமுறை என்றிருந்த கிளைக்கிராமத் திருப்பலி இப்போது இரண்டு முறை. மற்ற ஞாயிறுகளில் நற்கருணைப் பணியாளர் ஒருவர் அந்தக் கடைசி வீடு வரை போகிறார். தொலைக்காட்சித் திருப்பலி நோயாளிகளுக்கு ஆறுதல்தான். ஆனால் ஆயன் மலையேறாமல் இருப்பதற்கு அது சாக்காகக் கூடாது.

அன்புக்குரியவர்களே, உங்கள் அன்பியத்தில் கடைசி வீடு எது என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். அங்கே எந்தத் திரை அணைந்திருக்கிறது, எந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று நேரில் சென்று கேளுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர்களும் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தால், ஒரு டிஷ்ஷைத் திருப்பிவைக்கலாம்; ஒரு முதியவருக்கு ரிமோட்டைப் பழக்கலாம்; ஒரு மரண அறிவிப்பைக் கால்நடையாகக் கொண்டு சேர்க்கலாம்.

புனித கிளாராவே, வர முடியாதவர்களை நாங்கள் மறவாதிருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

சிந்திப்போம், செயல்படுவோம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.