துயில்குறையும் சோம்பலும்

நுழையும்முன்

பகலெல்லாம் சோர்வு, இரவெல்லாம் விழிப்பு என்னும் நிலை இன்று மாணவர் பலரிடம் காணப்படுகிறது. இதனைச் சோம்பல் என்று கடிவது முறையா? இக்கட்டுரை அதனை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைக்கிறது.

பெங்களூரின் பழைய சாலைகளில் குடைபோல் கிளை விரித்து நிற்கும் மரங்களுள் ஒன்று தூங்குமூஞ்சி மரம். மாலையில் அதன் இலைகள் மடங்கும். காலையில் மீண்டும் விரியும். அதனாலேயே அப்பெயர் பெற்றது. வகுப்பில் கண்ணயரும் மாணவரையும் அதே பெயரால் அழைப்பதுண்டு. மரத்திற்கு அது காரணப்பெயர். மாணவருக்கோ அது இகழ்ச்சிப் பெயர். 'சோம்பேறி' என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது.

உயிர்களின் உடலுக்குள்ளே நாள்தோறும் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. 1729ஆம் ஆண்டில் டி மைரான் என்னும் பிரான்சு நாட்டு அறிஞர், இலை மடக்கும் செடியொன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். கதிரவன் ஒளி படாதபோதும் அது பகலில் இலை விரித்து இரவில் மடக்கியது. மனிதருக்கு இக்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆகிய மிகச் சிறிய பகுதியில் அமைந்துள்ளது. இருள் சூழும்போது அது ஆணையிட, மெலடோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, உடலைத் துயிலுக்கு ஆயத்தப்படுத்துகிறது. பழ ஈக்களை ஆராய்ந்து இக்கடிகாரத்தின் நுட்பத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையை இந்தியாவில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய அவர், பின்னர்ப் பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். மதுரைக்கு அருகிலுள்ள குகையில் வாழும் வௌவால்களை அவர்தம் குழுவினர் ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், வெளியே சென்று மீளும் தன் கூட்டத்தின் கால ஒழுங்கையே பின்பற்றியது. கூட்டமில்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டபோதோ, அதன் கடிகாரம் நாளுக்கு நாள் பிறழ்ந்தது.

இவ்வாய்விலிருந்து மனிதரும் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மனிதரின் உடற்கடிகாரத்தைத் திருத்துவதில் முதலிடம் ஒளிக்கே உரியது. எனினும், உடன் வாழ்வோரின் பழக்கமும் அதில் பங்கு கொள்கிறது. பெங்களூரில் பல வீடுகள் நள்ளிரவுவரை விழித்திருக்கின்றன. அமெரிக்க நேரத்திற்கேற்பப் பணிபுரியும் பெற்றோர், நெரிசலைக் கடந்து இரவில் வீடு சேர்வோர், உணவிற்குப் பின்னரே ஊரிலுள்ள தாத்தா பாட்டியுடன் கைப்பேசியில் பேச நேரம் கிடைக்கும் குடும்பம் எனக் காரணங்கள் பல. விளக்குகள் எரியும் வீட்டில் பிள்ளை மட்டும் உறங்க வேண்டும் என்பது எளிதன்று.

வளரிளம் பருவத்தின் இயல்பும் இதனோடு சேர்கிறது. அப்பருவத்தில் மெலடோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போவதால், துயில் வரும் நேரம் இரண்டு மணிநேரம்வரை பிந்தக்கூடும். ஆனால் பள்ளிப் பேருந்து பிந்துவதில்லை. 13 முதல் 18 வயதுவரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. பதினொன்றரை மணிக்கு உறங்கி ஐந்தரை மணிக்கு எழும் மாணவர் ஆறு மணிநேரமே உறங்குகிறார். நாள்தோறும் பெருகும் அக்கடனே வகுப்பறையில் கொட்டாவியாக வெளிப்படுகிறது. அளவிறந்த துயிலையும் மடியையும் வள்ளுவர் தனித்தனிக் குற்றங்களாக எண்ணினார். துயிலே பெறாதவரின் சோர்வு அவ்விரண்டனுள் எதிலும் சேராது.

"கைப்பேசியை எடுத்து வைத்தால் போதும், இவ்வளவு பேச்சு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றிலும் உண்மை இருக்கிறது. திரையின் நீல ஒளி மெலடோனின் சுரப்பதைத் தடுக்கிறது. மாலையில் பருகும் காப்பியின் காஃபினில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணிநேரத்திற்குப் பின்னும் உடலில் தங்கியிருக்கும். இவற்றைக் குறைப்பது மாணவரின் கடமை. ஆயினும், முழுப் பொறுப்பையும் அவர்மீதே சுமத்துவது அறமாகாது.

பள்ளி நேரத்தை வகுப்பவர் பெரியோர். பெங்களூரின் போக்குவரத்து நெரிசலைக் குறைக்கப் பள்ளி நேரத்தை மாற்றலாமா என ஆராயுமாறு 2023ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றம் மாநில அரசிடம் கூறியது. பள்ளியை மேலும் முன்னதாகத் தொடங்கும் கருத்தைப் பள்ளிகளும் பெற்றோரும் எதிர்த்தனர். அவர்தம் எதிர்ப்பு நியாயமானதே. நெரிசலுக்குத் தீர்வு காண மாணவரின் வைகறைத் துயிலைப் பறித்தல் கூடாது. 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50 மணியிலிருந்து 8.45 மணிக்கு மாற்றியது. நேரம் கிடைத்ததென்று மாணவர் மேலும் விழித்திருப்பர் என்னும் ஐயம் பொய்த்தது. அவர்கள் முன்னிலும் 34 நிமிடம் கூடுதலாக உறங்கினர். மகாராட்டிர அரசும் 2024ஆம் ஆண்டில், நான்காம் வகுப்புவரையிலான வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்கலாகாது என ஆணையிட்டது.

பழந்தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் யாமம் இரவு 10 முதல் 2 மணிவரை. வைகறை 2 முதல் 6 மணிவரை. இவ்விரண்டும் சேர்ந்தால் எட்டு மணிநேரம். இவ்விரு பொழுதுகளையும் துயிலுக்கென ஒதுக்குதல் நன்று. விடுமுறை நாளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுதலும், எழுந்தவுடன் காலை ஒளியில் நடத்தலும் பிறழ்ந்த கடிகாரத்தை மெல்லத் திருத்தும். இவ்வளவு செய்தும் சோர்வு நீங்காவிடில், அது இரத்தச்சோகை போன்ற நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; மருத்துவரை நாடுதல் வேண்டும்.

விளக்கை அணைப்பது வீட்டின் கடமை. காலத்தை முறையாக வகுப்பது பள்ளியின் கடமை. திரையை மூடுவது மாணவரின் கடமை. மூவரும் தத்தம் கடமையைச் செய்த பின்னரும் ஒருவர் பாடம் கேளாது உறங்கினால் அவரைக் கடியலாம். அதுவரை, வகுப்பில் கண்ணயரும் மாணவரிடம் முதலில் கேட்கத்தக்க வினா, "நேற்று எத்தனை மணிநேரம் உறங்கினாய்?" என்பதே.

சொல்லும் பொருளும்

துயில் – உறக்கம்
மடி – சோம்பல்
கடிதல் – கண்டித்தல்
பிறழ்தல் – முறை மாறுதல்
யாமம் – நள்ளிரவுப் பொழுது
வைகறை – விடியலுக்கு முந்திய பொழுது

சிந்தனை வினாக்கள்

1. குகை வௌவால் ஆய்வு, குடும்பத்தினர்க்கு உணர்த்தும் கருத்து யாது?
2. துயில்குறையைச் சோம்பல் எனக் கூறலாகாது என்பதற்குக் கட்டுரை காட்டும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. உம் பள்ளி தொடங்கும் நேரம் ஏற்றதா? உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.