தொண்டு என்று சொல்லிக் கூலியை மறுப்பதா?

ஏழைத் தாய்மாருக்கு உதவுவது நல்ல காரியம். கர்ப்பிணிக்குச் சத்தான ஆகாரம், பிள்ளைக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரியில் பிரசவம் - இவை கிடைத்தால்தான் ஒரு குடும்பம் நோயிலிருந்தும் கடனிலிருந்தும் தலைதூக்க முடியும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலையைச் செய்கிறவர் யார்? அவருக்கு வயிறு உண்டா, இல்லையா?

நடவுக்குப் போகும் பெண் பிள்ளையை எங்கே விட்டுப் போகிறாள்? பால்வாடியில். அங்கே ஓர் அம்மா கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார், எடை பார்க்கிறார், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போகிறார், பதிவேடு எழுதுகிறார். 2021 முதல் அதையெல்லாம் கைபேசியிலும் ஏற்ற வேண்டும். கூட இருக்கும் உதவியாளர் உலை வைத்துச் சோறு போடுகிறார். இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் நடவுக்காரிக்கு அன்றையக் கூலி போயிற்று. அல்லது மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் சுமக்க வேண்டும். வறுமை ஒழிப்பைப் பற்றி மேடையில் எத்தனையோ பேசுகிறார்கள். அதைத் தினந்தோறும் கையால் செய்கிறவர்கள் இவர்கள்தான்.

இந்தத் திட்டத்தை 1975 அக்டோபர் 2ந் தேதி, 33 வட்டாரங்களில் மத்திய சர்க்கார் துவக்கியது. 2005ல் கிராம சுகாதாரத்துக்கென்று 'ஆஷா' ஊழியர்கள் வந்தார்கள். ஆயிரம் ஜனங்களுக்கு ஒரு பெண் என்று கணக்கு. தமிழ்நாட்டில் இவர்கள் சொற்பம். நாடு முழுவதும் பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேல். நள்ளிரவில் வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் இந்த ஆஷாதான்.

இவர்களைச் சர்க்கார் தொழிலாளி என்று சொல்வதில்லை. 'தொண்டர்', 'கௌரவ ஊழியர்' என்று சொல்கிறது. கொடுப்பதும் சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'! ஏன் இந்த மரியாதை? தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும், பிராவிடண்டு பண்டு வரும், பென்ஷன் வரும். பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பதிலி என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் வேலை வாங்கியதைக் கண்டவர்கள்தானே நாம்!

2018 அக்டோபரில் அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த தொகை மாதம் ரூ.4,500. நாளுக்கு 150 ரூபாய். உதவியாளருக்கு அதில் பாதி, ரூ.2,250. ஏழாண்டு கழித்து 2025லும் அதே தொகைதான். மாநிலங்கள் மேலே கொஞ்சம் போட்டுக் கொடுக்கின்றன. ஒரு மாநிலத்தைப் போல் இன்னொன்று இல்லை.

இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டுமென்று 2013லேயே 45வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்தது. சர்க்காரும் உட்கார்ந்திருந்த மாநாடு அது. 2022 ஏப்ரலில், அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை பெற உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே உலக சுகாதார ஸ்தாபனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருதைக் கொண்டுபோனால் மளிகைக் கடைக்காரர் அரிசி போடுவாரா?

கேரளத்தில் ஆஷாக்கள் 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மாதம் ரூ.21,000 கேட்டு, எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் போராடினார்கள். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது இடதுசாரிகள் என்பதற்காக நாம் இதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. கோரிக்கை நியாயமானது.

"சேவைக்கு விலை பேசலாமா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். கலெக்டர் செய்வதும் சேவைதான். டாக்டர் செய்வதும் சேவைதான். அவர்களிடம் போய் இதைக் கேட்டதுண்டா? பிழைப்புக்கு வழியுள்ளவர், மிஞ்சிய நேரத்தை மனமுவந்து கொடுத்தால் அது தொண்டு. ஷிப்டு முடிந்து வந்து, பக்கத்து வீட்டு விதவைக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுக்கும் சங்கத் தோழர் செய்வது தொண்டு. தானே ஏழைத் தாயாக இருப்பவரிடம் முழுநாள் உழைப்பை வாங்கிக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டுவது சுரண்டல்.

இனி அங்கன்வாடி ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தால், பிள்ளைக்கு மதியச் சோறு நின்றதே என்று அவர்கள் மீது பாயாதீர்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையே அன்று ஆளுக்கு ஒரு படி அரிசி திரட்டி, தெருவில் அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு போடட்டும். மற்றவர்கள் கொடியோடு தர்ணாப் பந்தலுக்குப் போய் அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும்.