வேலியில் ஒரு பொட்டு

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் வட இலங்கையைத் தாக்கிய புயல், அன்றிரவே அக்கரையில் தனுஷ்கோடியையும் அழித்தது.

அந்நாளில் யாழ்ப்பாணத்துக் காணிகள் பலவற்றுக்குக் கிடுகு வேலியே எல்லை. அயலவரிடையே வழக்குக்கு மூலமும் அதுவே. பெருங்காற்றில் முதலில் சாய்வதும் அவ்வேலிதான். அது சாய்ந்த பின்னரே அயலவரின் அருமை தெரியும். விழுந்த மரத்தைத் தறிக்கக் கோடரியோடு வருபவர் அவரே. அடுப்பு நனைந்த வீட்டுக்குக் கஞ்சி அனுப்புபவரும் அவரே.

வாயால் நன்றி கூறிவிட்டால் அக்கடன் தீருமா? காற்று ஓய்ந்ததும் வேலியை அடைக்கத்தான் வேண்டும். அடைக்கும்போது எல்லையை ஓரங்குலமும் நகர்த்தாதிருப்பது முதல் நன்றி. ஆள் வந்து போக ஒரு பொட்டு விடுவது அடுத்த நன்றி. வேலிகள் மதில்களாகிவரும் இக்காலத்தில், அன்பர்களே, அம்மதிலிலும் ஒரு படலை வைப்போமாக!