தடை காணும் கணக்கும் தாய்மொழியும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் வழியில் மின்மாற்றிகள் கம்பங்களின்மீது நிற்கக் காண்கிறோம். அவை மின்சாரத்தை உண்டாக்குகின்றன என்று எண்ணுவோர் உளர். அவை உண்டாக்குவனவல்ல, பெற்றதை உருமாற்றித் தருவனவே. இவ்வெளிய உண்மை கற்ற மாணாக்கர்க்கும் சிலபொழுது விளங்காமைக்குக் காரணம், அதனை வாய்பாடாக மட்டும் அறிந்திருத்தலே என்பது என் துணிபு.

ஒரு கணக்கை நோக்குக. இழப்பில்லாத மின்மாற்றியொன்றின் முதற்சுருளுக்கு 230 வோல்ட்டு மாறுமின்னழுத்தம் தரப்படுகிறது. அதன் சுற்றுக்கள் துணைச்சுருளின் சுற்றுக்களைப்போல் பத்து மடங்கு. முதற்சுருளில் 0.5 ஆம்பியர் ஓடுகிறது. துணைச்சுருளோடு இணைத்த தடை யாது? முதற்பக்கத்தில் தோன்றும் தடை 230-ஐ 0.5-ஆல் வகுக்க 460 ஓம். அதனைப் பத்தால் வகுப்பதா, பத்தின் வர்க்கத்தால் வகுப்பதா? உருப்போட்டவன் இங்கே தடுமாறுவான்.

தமிழில் எண்ணிப் பார்ப்போம். உட்சென்ற திறன் 115 வாட்டு. இம்மின்மாற்றி உண்மையுள்ள உக்கிராணக்காரனைப் போன்றது. தனக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாது. ஆதலின் 115 வாட்டும் மறுபுறம் வருதல் வேண்டும். அங்கே அழுத்தம் 23 வோல்ட்டே. எனவே ஓட்டம் 5 ஆம்பியராகப் பெருகும். 23-ஐ 5-ஆல் வகுக்கத் தடை 4.6 ஓம். அழுத்தம் பத்திலொன்றாய்க் குறைய, ஓட்டம் பத்து மடங்காய்ப் பெருகத் தடை நூற்றிலொன்றாயிற்று. 46 ஓம் என்று விடை கூறின் 11.5 வாட்டே செலவாகும். எஞ்சிய திறன் எங்கே போயிற்று?

தமிழில் அறிவியல் இயலாது என்பாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் ஆக்கித் தந்தார். இரும்பு வளையத்தில் இரு சுருள் சுற்றி 1831-இல் மின்தூண்டலைக் கண்ட பாரடேயும் உயர்கணிதம் கற்றவரல்லர். கண்டதைத் தெளிவாக எண்ணியவர்.

ஆங்கிலத்தை விலக்குக என்று யான் கூறவில்லை. ஆங்கிலத்தில் நாத்தடுமாறும் சிற்றூர் மாணவனை அறிவிலி எனக் கருதுதல் அநீதி என்கிறேன். விடையெழுதுமுன் அதன் காரணத்தைத் தன் மொழியிற் சொல்ல அவனுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். சொல்ல வல்லவன் வாய்பாட்டை மறப்பினும் மீண்டும் கண்டுகொள்வான். தமிழ் பயிலும் நாமும் அக்கணக்கை நமக்கு அயலதென்று ஒதுக்காது, அவனருகில் அமர்ந்து கேட்போமாக.