பூனைக்குட்டியின் பேரில் குற்றமில்லை

ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த பூனைக்குட்டியை ஒரு வாரம் ஆவதற்குள் சாக்கில் போட்டு ஊர்க்கோடியில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எந்நேரமும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, வீடெல்லாம் அசிங்கம் செய்கிறது." இந்த இரண்டு புகார்களும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பொறுப்பு குட்டியல்ல. பயந்த பிராணிக்கு ஒளிய ஓர் இடமும் ஒதுங்க ஓர் இடமும் செய்து வைக்காத வீட்டார்தான்.

பாலசமுத்திரம், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பிழைப்புக்காக வந்து ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமல்ல. அறையில் நாற்றம் எழுந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆயினும் எலித் தொல்லைக்காகவோ, குழந்தைகளின் பிடிவாதத்துக்காகவோ குட்டியை எடுத்து வருகிறவர்கள் உண்டு. சென்னைக்குப் போய்வருகிறவர்கள் அங்குள்ள பிராணிகள் காப்பகங்களிலிருந்தும் கொண்டு வரலாம். 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள், தெருவில் தாயை இழந்த குட்டிகளை வளர்க்க விரும்புவோருக்குத் தருகின்றன. தெருவையும் கூண்டையும் நாய்க்குரைப்பையும் கண்டு வந்த குட்டி, புதிய வீட்டில் பயந்து நடுங்குவதில் வியப்பில்லை.

பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்டு வளரும் குட்டி, மனிதரை நம்பக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் அன்பான கை படாத குட்டி, மனிதரைக் கண்டாலே ஒளிகிறது. இது தீராத குணமல்ல. நம்பிக்கை வர நாளாகும், அவ்வளவே. வேற்றூரில் முதன்முதலாக வந்து இறங்கிய நாளை நம்மவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பாஷை தெரியாமல், கக்கூஸ் எங்கே என்று கேட்கவும் கூச்சப்பட்டு நின்றவர்கள் எத்தனை பேர்! குட்டியின் நிலை அதுவேதான்.

செய்ய வேண்டியது என்ன? முதல் சில நாட்களுக்குக் குட்டிக்கு வீடு முழுவதையும் திறந்துவிடக் கூடாது. ஒற்றை அறையானாலும் ஒரு மூலையைப் பழைய புடவையால் மறைத்து, ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய துணி விரித்தால் போதும். அதற்குள் ஒளிந்திருக்கும் குட்டியைக் கையை விட்டு இழுக்கவே கூடாது. குழந்தைகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தினமும் சற்று நேரம் தரையில் உட்கார்ந்து, உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் அதுவே வெளியே வரும். உணவைக் குறித்த நேரத்தில் வைத்து, கிண்ணத்தை நாளுக்கு நாள் சற்று அருகே நகர்த்தி வந்தால், வைக்கிற கையோடு பழகிவிடும். மீறிப் பிடித்து, அது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

அடுத்தது மணல் தொட்டி. மண்ணைத் தோண்டிக் கழித்து மூடுவது பூனையின் பிறவிக் குணம். சுமார் நான்கு வாரக் குட்டியே இதைத் தானாகச் செய்யத் தொடங்கிவிடும். ஆகையால் கற்றுக்கொடுக்க அதிகமில்லை. சரியான இடத்தில் மண் இருந்தால் போதும். குட்டி எளிதாக ஏறி இறங்கும்படி விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் தொட்டியில் 2 அங்குல உயரம் சலித்த மணலோ, தச்சுப் பட்டறை மரத்தூளோ போடலாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மணலும் சாம்பலும்தான் பயன்பட்டன. 1947-ல் எட்வர்டு லோ என்பவர் அண்டை வீட்டு அம்மாளுக்குச் சாம்பலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தார். பூனை மண் வியாபாரம் அங்கே பிறந்தது. அந்தக் களிமண், நம் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனமே. பூனைக்கு வேண்டியது விலை அல்ல. தோண்டத் தகுந்த மண்ணும் சுத்தமும்தான்.

தொட்டி உணவுக் கிண்ணத்துக்குத் தள்ளி, ஆள் நடமாட்டமும் சத்தமும் இல்லாத மூலையில் இருக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் குட்டியை மெல்ல அதில் இறக்கி விடலாம். காலைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டியதில்லை. கழிவைத் தினமும் அள்ளிவிட வேண்டும். நாற்றமெடுக்கும் தொட்டியைப் பூனை மதிக்காது. கர்ப்பிணிகள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது. பூனைக் கழிவில் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் கிருமி இருக்கக்கூடும்.

தவறிப்போய் வேறிடத்தில் அசுத்தம் செய்தால், மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் அடிப்பதும் பலருடைய வழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே: மனிதர் கண்ணில் படாத இடத்தில் கழிக்க வேண்டும் என்பது. அலமாரிக்குப் பின்னால் நாற்றம் கிளம்புவது அதனால்தான். அந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, காடித் தண்ணீரால் துடைப்பதே சரி. பினாயில் கூடவே கூடாது. அதிலுள்ள பீனால் வகை மருந்துகளை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷமாகும். அந்துருண்டையும் அப்படியே. பசும்பாலும் பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். பேதி கண்ட குட்டி தொட்டியைத் தேடி ஓடுவதற்குள் பாதி வழியிலேயே முடிந்துவிடும். பழி மட்டும் அதன் மேல்.

இவ்வளவும் செய்தும் தொட்டியைத் தவிர்த்தாலோ, தொட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தாலோ, அது நோய். தாமதம் உயிருக்கே ஆபத்து. திருப்பதியில் 1955 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெலுங்கு தெரியாதென்று தயங்க வேண்டாம். "பில்லி" என்றால் பூனை என்று யாருக்கும் விளங்கும்.

"மனிதருக்கே இடமில்லாத வீட்டில் பூனைக்கு இத்தனை உபசாரமா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. இடமும் பொழுதும் இல்லாதவர் குட்டியைக் கொண்டுவராதிருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. கொண்டுவந்தபின் தெருவில் விடுவதுதான் குற்றம். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்றே சொல்கிறது. முதல் தடவைக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். தண்டனை சிறியது என்பதால் செய்கை சிறியதாகிவிடாது. வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருநாயிடமிருந்து தப்பத் தெரியாது. இரை தேடவும் தெரியாது.

வேலை மாற்றலாகி ஊருக்குத் திரும்புகிறவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். பூனையை உடன் கொண்டுபோக முடியாவிட்டால், தெரிந்த ஒரு குடும்பத்திடம் முன்கூட்டியே பேசி, அதன் தொட்டியையும் அது படுத்த துணியையும் துவைக்காமல் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பழகிய வாசனை இருந்தால் புது வீட்டிலும் அது சீக்கிரம் தேறும். குட்டியைத் தூக்குமுன் வீட்டில் ஒரு மண் தொட்டிக்கு இடமும், சில வாரங்களுக்குப் பொறுமையும் உண்டா என்று வீட்டார் கூடிப் பேசிக்கொள்ளட்டும். இல்லையென்றால் அதைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் அதற்குச் செய்யும் உதவி.