தமிழில் தட்டச்சு செய்ய யார் சொல்லித் தருவது?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கேட்ட அதே பொறுமையோடு படியுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதைத் தமிழ் வகுப்பில், தமிழாசிரியரே சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து. "கணினி என்றால் கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்வார், தமிழய்யாவுக்கு எதற்கு அந்த வேலை?" என்று பணியில் இருந்த காலத்திலேயே பலர் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பதில்தான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் கரும்பலகையும் வண்ணச் சாக்பீஸும்தான். பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது, செய்யுளை இசையோடு கேட்க வைத்தோம். அப்புறம் புரொஜெக்டர் வந்தது, படம் காட்டினோம். பயிற்சி முகாம்களில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்து ஆகுபெயரை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாக் கருவியிலும் ஆசிரியர் காட்டினார், பிள்ளைகள் பார்த்தார்கள். பிள்ளையின் கைக்கு வேலை இல்லை.

கைக்கு வேலை கொடுத்த முதல் கருவி விசைப்பலகை. அதுவரை வினாத்தாள் அடிக்க டிடிபி கடைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். அங்கே அடித்ததை வேறு கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறி வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன்பிறகுதான் உடன் பணியாற்றிய கணினி ஆசிரியரிடம் உட்கார்ந்து, தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தர விசைப்பலகை அது. விரல் பழக மூன்று வாரம் ஆயிற்று.

பழகப் பழக எனக்கு ஒன்று விளங்கியது. இது கணினிப் பாடம் அல்ல, எழுத்திலக்கணம்.

எப்படி என்று கேளுங்கள். உயிர் பன்னிரண்டும் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று நாம் வாயால் சொன்னதைப் பிள்ளை விரலால் செய்கிறது. 247 எழுத்துக்கும் 247 விசை தேவையில்லை. உயிர் 12, மெய் 18, கூடவே புள்ளியும் ஆய்தமும் போதும். மொழியின் கணக்கு அப்படி.

இன்னொன்று. ப, ந, த, உ என்று நான்கு தட்டு தட்டினால் 'பந்து' வந்துவிடும். ந-வுக்குப் புள்ளி தானாக விழும். க, ன, ற, உ என்றால் 'கன்று'. ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ம-வுக்குப் பின் ப எல்லாம் அப்படியே. இது என்ன? நாம் ஆறாம் வகுப்பில் உருப்போட்ட இனவெழுத்துகள்தான்! மெல்லினம் தன் இன வல்லினத்தோடு சேரும் என்ற விதியை வைத்தே விசைப்பலகையை அமைத்திருக்கிறார்கள். "புள்ளி ஏன் தானாக வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், சூத்திரம் கடைசியில் தானே வரும். இந்தக் கேள்வியைத் தமிழாசிரியர்தான் கேட்க முடியும்.

இப்போது பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறீர்கள். அவசரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'என்' என்ற ஒரே ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு, ந-வா ன-வா ண-வா என்பதைச் செயலியின் ஊகத்துக்கு விடுகிறோம். ல, ள, ழ கதியும் அதுதான். பெரியவர்களுக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், தப்பாக வந்தால் கண்டுபிடித்துவிடுவோம். எழுத்துக் கூட்டிப் பழகும் பிள்ளைக்கு அது தெரியாது. செயலி காட்டியதே சரி என்று நினைத்துக்கொள்ளும். பிறகு தமிழ் எழுத்தையே விட்டுவிட்டு, ஆங்கில எழுத்திலேயே அனுப்பிவிடும். உறவினர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

"தேர்வைக் கையால்தானே எழுதுகிறார்கள் ஐயா?" என்பது நல்ல கேள்வி. கையெழுத்தை விடச் சொல்லவில்லை. முதலில் கையெழுத்து, அது நிலைத்தபின் தட்டச்சு. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். "நாற்பது பிள்ளைகளுக்கு இருபது கணினிதானே?" அதுவும் நல்லதுதான். ஒருவன் சொல்ல, ஒருத்தி அடிக்கட்டும். சொல்வதை எழுதுதல் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். ழகரத்தைச் சரியாக ஒலிக்காவிட்டால் தோழி திருத்துவாள்.

கட்டுரைக்கும் இது கைகொடுக்கும். தாளில் எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுருங்கும். திரையில் ஒரு வாக்கியத்தை மேலே நகர்த்துவது அவர்களுக்கு விளையாட்டு. இரண்டாம் முறை எழுதினால்தான் எழுத்து கைவரும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்று பணியில் இருக்கும் தமிழாசிரியர்களே, உங்களில் என் மாணவர்களும் இருக்கிறீர்கள். திறன்பலகையில் காணொளி ஓடியதைப் படம் பிடித்து அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். இப்போது கட்டுரையையே எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றின் தமிழில் எது சரி, எது பிழை என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை வேண்டுமானால், தன் சொல்லைத் தானே எழுத்தெழுத்தாகக் கோத்துப் பழகிய பிள்ளை வேண்டும். ஒரு கருவி வகுப்புக்கு வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதனால் என் மாணவன் கூடுதலாக ஒரு வரி பேசுவானா, எழுதுவானா? ஆம் என்றால் கற்றுக்கொள்ளுங்கள், வயது தடையில்லை. இல்லை என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுங்கள்.

பெற்றோர்களாகிவிட்ட மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கைப்பேசியில் தமிழ்99 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செல்லினம் போன்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். தினம் பத்து நிமிடம், பிள்ளையோடு உட்கார்ந்து ஐந்து வரி. மூன்று வாரம் கழித்துத் தாத்தா பாட்டிக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொல்லுங்கள்.

பிழை இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?